எக்ஸ்ரே அறையில் முதல் போஸ்டிங்: பட்டனைத் தொடும் முன்

போஸ்டிங்குக்கு வரும் மாணவர்கள் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், எப்ப எக்ஸ்போஷர் குடுக்க விடுவீங்க?" எக்ஸ்போஷர் என்றால் பட்டனை அழுத்திக் கதிரைச் செலுத்துவது. என் பதிலும் இத்தனை வருடமாக மாறவில்லை. முதல் இரண்டு வாரம் பட்டன் பக்கம் வர வேண்டாம். நோயாளியைக் கூப்பிடுங்கள், பெயர் கேளுங்கள், ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு மாற்றுங்கள், கேசட் (படம் பதியும் தட்டு) தூக்குங்கள். சொன்னதும் முகம் சுருங்கிவிடும். பட்டனை அழுத்த ஒரு நொடிகூட ஆகாது. படம் சரியாக வருமா, அந்த ஆளை மறுபடி நிறுத்தி இன்னொன்று எடுக்க வேண்டியிருக்குமா என்பது அதற்கு முந்தைய இரண்டு நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தை எப்படிக் கழிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டில் ரேடியோகிராபி பட்டப்படிப்போ டிப்ளமோவோ சேர்ந்து, பெரிய அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவுக்குள் முதன்முதலாகக் கால் வைக்கப்போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதலில் பேட்ஜ்

உள்ளே நுழைந்ததும் கேட்க வேண்டியது டிஎல்டி பேட்ஜ். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன பிளாஸ்டிக் உறை அது. உள்ளே டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட்டில் செய்த மூன்று வட்டுகள் இருக்கும். உங்கள் மேல் படும் கதிர்வீச்சை அவை சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் சூடாக்கி, அப்போது வெளிவரும் ஒளியை அளந்து கணக்குச் சொல்வார்கள்.

மார்பு மட்டத்தில், லெட் ஏப்ரனுக்கு (ஈயக் கவச அங்கி) உள்ளே குத்த வேண்டும். வெளியே குத்தினால் உங்கள் உடம்புக்கு வந்தது எவ்வளவு, ஏப்ரன் தடுத்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. வேலை முடிந்ததும் கதிர்வீச்சு இல்லாத இடத்தில், யாரும் அணியாமல் ஒப்பிட வைத்திருக்கும் கண்ட்ரோல் பேட்ஜோடு சேர்த்து மாட்டிவிடுங்கள். ஒரு மாணவர் கோட்டோடு எக்ஸ்ரே அறைக் கொக்கியில் தொங்கவிட்டுப் போய்விட்டார். அந்தக் காலாண்டில் அவர் பேட்ஜ் காட்டிய அளவுக்கு விளக்கம் எழுதியே ஓய்ந்துபோனோம். நண்பனுடைய பேட்ஜை மாட்டிக்கொள்வதும் இதே ரகம்: இரண்டு பேர் கணக்கும் கெடும்.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்புகளை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் கட்டாயம் வரும். கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு); எந்தத் தனி ஆண்டிலும் 30-ஐத் தாண்டக்கூடாது. பொதுமக்களுக்கு 1. பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பயிற்சி மாணவருக்கு 6. பிளஸ் டூ முடித்த கையோடு வரும் பிள்ளைகளில் பதினேழு வயதுக்காரர்கள் உண்டு, இந்த 6 அவர்களுக்கானது. தடுப்புச் சுவருக்குப் பின்னால் ஒழுங்காக நிற்பவருக்கு வருவது இவற்றைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும்.

பேட்ஜ் இன்னும் வரவில்லை என்றால் துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். வரும்வரை எக்ஸ்போஷர் நேரத்தில் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

பெயர், பக்கம், நாள்

"நீங்கதான முருகன்?" என்று கேட்காதீர்கள். வெளியே இரண்டு மணி நேரம் காத்திருந்தவர் எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னங்கய்யா? வயசு?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வந்ததைச் சீட்டோடும் ஓபி நம்பரோடும் ஒத்துப் பாருங்கள். ஒரே வரிசையில் இரண்டு செல்வி இருந்த நாளில் ஒருவருடைய நுரையீரல் மற்றவருடைய உறைக்குள் போனது. நல்லவேளை, வார்டு டாக்டர் பழைய படத்தோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார். அன்றைக்குக் கூப்பிட்டவன் நான்தான்.

அடுத்து பக்கம். சீட்டில் இடது மணிக்கட்டு என்று இருக்கும், வந்தவர் வலது கையை ஏந்திக்கொண்டு நிற்பார். நீங்களாக முடிவெடுத்து ஒன்றை எடுக்காதீர்கள், இரண்டையும் எடுத்து வைக்கவும் வேண்டாம். சீட்டு எழுதியவருக்கு ஒரு போன் போட்டால் போதும்.

மூன்றாவது, மாணவர்கள் கூச்சப்பட்டுத் தட்டிக்கழிப்பது: பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களிடம் மாதவிலக்குத் தேதி கேட்பது. வயிறு, இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதி என்றால் கேட்டே ஆக வேண்டும். "எல்எம்பி என்ன?" என்றால் யாருக்கும் புரியாது. "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க? நாள் ஏதும் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்டால் உடனே பதில் வரும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் வரும் பதிலை நம்ப வேண்டாம். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்பவர் ஆண் மாணவராக இருந்தால் சிஸ்டரையோ உடன் படிக்கும் பெண்ணையோ கேட்கச் சொல்லலாம். நாள் தள்ளியிருந்தால் படத்தை நிறுத்தி வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாலி, ஜடை, அரைஞாண்

பாடப்புத்தகத்தில் 'உலோகப் பொருட்களை அகற்றவும்' என்று ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். நம் ஊரில் அந்த ஒரு வரிக்குள் ஒரு குடும்பமே இருக்கிறது.

தாலியைக் கழற்றச் சொன்னால் பல பெண்கள் சம்மதிக்க மாட்டார்கள். வற்புறுத்தவும் வேண்டாம். நெஞ்சுப் படத்துக்குத் தாலிக்கொடியை மேலே தூக்கி வாயால் கவ்விக்கொள்ளச் சொன்னால் நுரையீரலிலிருந்து விலகிவிடும். தாலிக்கயிற்றில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை மறக்காதீர்கள், ஐந்தாறு தொங்கும். ஜடை தோள் வழியாகத் தொங்கினால் நுரையீரலின் மேற்பகுதியில் பட்டையாக நிழல் விழும். அதைக் காசநோய்த் தழும்பு என்று சந்தேகப்பட்டு விவாதித்ததை நான் பார்த்திருக்கிறேன். அள்ளிக் கொண்டை போடச் சொல்லுங்கள். மண்டைப் படம் என்றால் அதே கொண்டையை அவிழ்த்து, ஹேர்பின்னை எடுக்க வேண்டும். இடுப்புப் படத்துக்கு அரைஞாண் கயிறு, அதில் கட்டிய தாயத்து, வேட்டிக்கு மேல் பெல்ட், சட்டைப் பையில் சில்லறை. குழந்தையென்றால் வெள்ளி அரைஞாண்.

உடை மாற்றச் சொல்லும்போது திரை இருக்கிறதா, கதவு சாத்தியிருக்கிறதா என்று பாருங்கள். எதற்காகக் கழற்றச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லை.

நெஞ்சுப் படம்: இதை மட்டும் நூறு முறை

எக்ஸ்ரே பிரிவின் அன்றாடச் சோறு நெஞ்சுப் படம்தான். இதில் கை பழகினால் மற்றவை தானாக வரும். முதுகுப் பக்கமிருந்து கதிர் வந்து நெஞ்சுப் பக்கம் வெளியேறும் நின்ற நிலைப் படத்தை இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. டியூபை 180 சென்டிமீட்டர், அதாவது ஆறடி தள்ளி வையுங்கள். இதயம் மார்பின் முன்பக்கம் இருக்கிறது. நெஞ்சு கேசட்டை ஒட்டியிருந்து, டியூபும் தூரத்தில் இருந்தால் இதய நிழல் தேவையில்லாமல் பெரிதாகாது. மற்றப் பெரும்பாலான படங்களுக்கு 100 சென்டிமீட்டர்.

2. முகவாயைத் தூக்கி ஸ்டாண்டின் மேல் வைக்கச் சொல்லுங்கள். கேசட்டின் மேல் விளிம்பு தோளுக்கு இரண்டு அங்குலம் மேலே இருக்கட்டும்.

3. புறங்கையை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னால் தள்ள வேண்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். வயதானவருக்கு இதை விளக்கிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும். "ஸ்டாண்டை அப்படியே கட்டிப் புடிச்சுக்கோங்க தாத்தா" என்றால் அதே நிலைக்கு வந்துவிடுவார்.

4. மையம் தோள்பட்டை எலும்பின் கீழ்முனை மட்டத்தில், நடு முதுகில். ஒளிக்கட்டத்தை நுரையீரல் அளவுக்குச் சுருக்குங்கள். வலது பக்கத்தைக் காட்டும் ஈய எழுத்தான மார்க்கரை இப்போதே வையுங்கள்.

5. மூச்சை ஒத்திகை பாருங்கள். "நல்லா இழுங்க... விடுங்க... மறுபடி நல்லா இழுங்க... அப்படியே புடிங்க." இரண்டாவது இழுப்பில்தான் நுரையீரல் முழுதாக விரியும். "மூச்சைப் புடிங்க" என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பாட்டிகள் உண்டு, ஒத்திகை அதற்காகத்தான். படம் எடுத்ததும் "மூச்சு விடலாம்" என்று சொல்ல மறக்காதீர்கள். சொல்லாமல் நீங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பாவம், அவர் முகம் சிவந்து நிற்பார்.

திருப்பூர், சென்னைப் பக்கம் போஸ்டிங் என்றால் வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய வருவார்கள். "சான்ஸ் லோ, ரோக்கோ, ச்சோடோ": இழுங்க, புடிங்க, விடுங்க. மூன்று சொல் கற்றுக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

படம் வந்ததும் சீனியரிடம் ஓடாதீர்கள். முதலில் நீங்கள் பாருங்கள். காறை எலும்பு இரண்டின் உள்முனைகளும் முதுகெலும்பு நடுக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கின்றனவா? இல்லையென்றால் ஆள் திரும்பியிருக்கிறார். உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது, பத்து எண்ண முடிகிறதா? இல்லையென்றால் மூச்சு போதவில்லை. கீழ் மூலைகள் இரண்டும் படத்துக்குள் இருக்கின்றனவா? பல வருடம் பீடி குடித்தவரின் நுரையீரல் நீண்டு தொங்கும், அவருக்குத்தான் மூலை வெட்டுப்படும். இதயத்துக்குப் பின்னால் முதுகெலும்பு மங்கலாகத் தெரிகிறதா? இந்த நான்கையும் சொல்லிவிட்டு, "இதை ஏத்துக்கலாமா அண்ணா?" என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, தன் படத்தைத் தானே குறை சொல்லத் தெரிந்த மாணவர் மூன்று மாதத்தில் தேறிவிடுகிறார். எத்தனை எக்ஸ்போஷர் கொடுத்தேன் என்று எண்ணிக்கொண்டிருப்பவர் இன்டர்ன்ஷிப்பிலும் தடுமாறுகிறார்.

மார்க்கரைப் பற்றி ஒரு வார்த்தை. படம் வந்தபிறகு கம்ப்யூட்டரில் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பழகாதீர்கள். இதயம் வலது பக்கம் இருக்கும் ஆட்கள் உண்டு. அப்படி ஒருவர் வந்தபோது, படம் இடவலமாகத் திரும்பிவிட்டது என்று நினைத்து மாணவர் ஒருவர் 'சரி செய்து' அனுப்பிவிட்டார். ஈய மார்க்கர் படத்திலேயே விழுந்திருந்தால் அந்தக் குழப்பமே வந்திருக்காது.

எலும்பு முறிவு

கை, கால் எலும்புக்கு ஒரு கோணம் போதாது, செங்குத்தாக இன்னொன்றும் வேண்டும். நீள எலும்பென்றால் இரண்டு மூட்டும் தெரிய வேண்டும். முறிந்த காலைத் திருப்பாதீர்கள், டியூபைத் திருப்புங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே நோயாளி உங்களை வாழ்த்துவார்.

விபத்தில் வந்தவரின் கழுத்துக் காலரை டாக்டர் சொல்லாமல் கழற்றக் கூடாது. படுத்த நிலையிலேயே பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கழுத்து ஏழாவது எலும்பும் அது மார்பு முதல் எலும்போடு சேரும் இடமும் தெரியாத படம் பாதிப் படம்தான், தோள் மறைத்துவிடும். அப்போது ஒரு கையை மேலே தூக்கி, மறு கையைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் எடுக்கும் ஸ்விம்மர்ஸ் வியூ தேவைப்படும்.

கேவி, எம்ஏஎஸ்

கேவி கதிரின் ஊடுருவும் திறன், எம்ஏஎஸ் அதன் அளவு. கேவியை 15 சதவீதம் கூட்டினால் எம்ஏஎஸ்-ஐ இரட்டிப்பாக்கியதற்குச் சமம். இவ்வளவு வகுப்பிலேயே சொல்லியிருப்பார்கள். ஒரு சின்ன நோட்டு வாங்கி, பாகம், நோயாளியின் பருமன், கேவி, எம்ஏஎஸ், படம் எப்படி வந்தது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு மெஷினில் பழகிய எண் பக்கத்து அறை மெஷினுக்கு ஒத்து வராது.

பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போய் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சிஆர், டிஆர் என்ற கம்ப்யூட்டர் முறைகள் வந்தபிறகு அந்தப் பயம் போய்விட்டது. கூடுதலாகக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் படத்தை அழகாக்கிக் காட்டும். குறைத்தால்தான் புள்ளி புள்ளியாக வரும். அதனால் எல்லோருடைய கையும் தெரியாமலே கூட்டிக்கொண்டே போகிறது. அதற்குக் கடிவாளம் படத்தின் ஓரத்தில் வரும் எக்ஸ்போஷர் எண். கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். ஃபுஜியின் எஸ் எண் தலைகீழ்: எண் குறைந்தால் கதிர் கூடியிருக்கிறது. புதிய மெஷின்களில் டீவியேஷன் இண்டெக்ஸ் என்று ஒன்று வரும். பூஜ்யம் சரியான அளவு, +3 என்றால் இரு மடங்கு கொடுத்திருக்கிறீர்கள், −3 என்றால் பாதி. படம் நன்றாக இருந்தாலும் இந்த எண்ணைப் பாருங்கள்.

"இதனால கேன்சர் வருமா தம்பி?" என்று கேட்பார்கள். ஒரு நெஞ்சுப் படம் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழே. உலகச் சராசரியாக ஒரு மனிதருக்கு இயற்கையிலிருந்தே ஆண்டுக்கு 2.4 கிடைக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இன்னும் கூடுதல். "சில நாள் சும்மா இருந்தாலே வர்ற அளவுதான்மா, டாக்டர் தேவைன்னு சொன்னதால எடுக்கிறோம்" என்றால் போதும். அதையே சாக்காக வைத்து வயிற்று சிடியையும் சாதாரணமாகப் பேசாதீர்கள், அது 10 மில்லிசீவர்ட் வரை போகும்.

"டேய், வந்து புடி"

குழந்தை அழும், குடித்தவர் ஆடுவார், நினைவில்லாதவர் சாய்வார். அறையில் மாணவன் சும்மா நிற்கிறான். உடனே குரல் வரும்: "டேய், வந்து புடி." இதற்குத் தயாராகவே இருங்கள். நோயாளியைப் பிடிப்பது பணியாளரின் வேலையோ மாணவரின் வேலையோ இல்லை. உறவினர் ஒருவருக்கு அது வாழ்க்கையில் ஒருமுறை. உங்களுக்கு நாளுக்குப் பத்து முறை ஆகிவிடும். மணல் மூட்டை, பட்டை, பஞ்சு மெத்தை இவற்றால் முடியவில்லை என்றால் உறவினர் ஒருவர், ஏப்ரன் அணிந்து, நேர்க்கதிருக்கு வெளியே நின்று பிடிக்கலாம். கர்ப்பிணிகளும் பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களும் கூடாது.

முகத்துக்கு நேராக "முடியாது" என்று சொல்ல எல்லோராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். "அண்ணா, அவங்க அப்பாவுக்கு ஏப்ரன் போட்டு விடட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே ஏப்ரனை எடுங்கள். தொண்ணூறு சதவீதம் அத்தோடு முடிந்துவிடும்.

வார்டில் போர்ட்டபிள்

ஐசியூவில் கதிருக்கு முன்னால் கவனிக்க வேண்டியது குழாய்கள். கேசட்டை முதுகுக்கு அடியில் தள்ளும் முன் வென்டிலேட்டர் குழாய், மூக்குக் குழாய், சிறுநீர்ப் பை எல்லாவற்றையும் கண்ணால் ஒரு சுற்றுப் பாருங்கள். நெஞ்சில் போட்டிருக்கும் வடிகுழாயின் பாட்டிலை எக்காரணம் கொண்டும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக் கூடாது, உள்ளிருந்து வடிந்தது திரும்ப உள்ளேயே போகும். தூக்கி உட்காரவைக்க சிஸ்டரைக் கூப்பிடுங்கள். கேசட்டுக்கு பாலித்தீன் உறை, ஆளுக்கு ஆள் கைகழுவல். காசநோய் வார்டு என்றால் என்-95 முகக்கவசம்.

பிறகு "எக்ஸ்ரே!" என்று உரக்கச் சொல்லி, வயர் நீளும் தூரம்வரை, குறைந்தது இரண்டு மீட்டர் பின்னால் போங்கள். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்குப் போனால் உங்கள் மேல் படுவது பாதியாகாது, நான்கில் ஒன்றாகும்.

மற்ற அறைகள்

ஆபரேஷன் தியேட்டரில் சி-ஆர்ம் (அறுவையின்போதே படம் காட்டும் நகரும் எக்ஸ்ரே கருவி) பக்கம் நிற்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் மேல் தெறிப்பது பெரும்பாலும் நோயாளியின் உடம்பிலிருந்து வருகிறது, அதுவும் டியூப் இருக்கும் பக்கம் அதிகம். டியூப் கீழே, கதிரை வாங்கும் ரிசீவர் மேலே இருக்கட்டும். பக்கவாட்டில் திருப்பினால் ரிசீவர் பக்கம் நில்லுங்கள். முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சிடியில் படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்து போடும் முன், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அறிக்கை, பழைய அலர்ஜி, ஆஸ்துமா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா என்று கேட்டுச் சொல்வது உங்கள் வேலையாக இருக்கும். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், சிறுநீர் போனதுபோல் இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பயந்து எழுந்து உட்காருவார்.

எம்ஆர்ஐயில் காந்தத்துக்கு ஓய்வே கிடையாது. ஸ்கேன் ஓடாதபோதும், இரவிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் அது இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 1.5 டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல 30 ஆயிரம் மடங்கு. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன உறவினர் ஒருவர் உயிரிழந்தார். மெஷின் ஆஃபில் இருக்கிறது என்று அவரிடம் சொன்னதாகச் செய்தி வந்தது. பாக்கெட்டைக் காலி செய்யாமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள்.

லாக் புக், இரவு டூட்டி

கையெழுத்துக்காகப் பார்க்காத கேஸை எழுதாதீர்கள். லாக் புக்கில் இல்லாத ஒரு கட்டத்தை நீங்களே பின்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்: நான் திரும்ப எடுக்க வேண்டியிருந்தவை, ஏன். அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. மாணவர் எவ்வளவு தேறியிருந்தாலும், சரியில்லாத படத்தைத் திரும்ப எடுக்கும்போது தகுதி பெற்ற டெக்னாலஜிஸ்ட் ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நம் ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களாகவே கடைப்பிடியுங்கள். இரண்டாவது முறையும் அதே தவறு நடந்தால் அடிபடுவது நோயாளி.

ஷிஃப்ட் முடியும்போது ஏப்ரனை மடிக்காமல் தொங்கவிடுங்கள். மடித்தால் உள்ளே ஈயம் விரிசல் விடும், வெளியே தெரியாது. கேசட்டைத் துடையுங்கள். பேட்ஜை அதன் இடத்தில் மாட்டுங்கள்.

இன்டர்ன்ஷிப்பில் ஆள் பற்றாமல் உங்களை இரவில் தனியாக விடப்பார்க்கலாம். டூட்டி டெக்னாலஜிஸ்ட் யார், எந்த அறையில் தூங்குகிறார், எண் என்ன என்று சாயங்காலமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டனை அழுத்தும் முன் எழுப்புங்கள். அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பினால் திட்டுவார்கள், நானும் திட்டுவேன். திட்டிக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, ஸ்விம்மர்ஸ் வியூவுக்கு கேசட்டை ஒட்டிய கையைத்தான் மேலே தூக்க வேண்டும், தூக்கலாமா என்று முதலில் டாக்டரைக் கேள் என்பதையும் சொல்லித்தருவேன்.